லாஸ் வேகாஸில் ஓர் அரிசிக் கணக்கு

“சீட்டாட்டமா! சிவ சிவா!” என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! உங்களைச் சூதாட அழைக்கவில்லை. அமெரிக்காவில், நெவாடா பாலைவனத்தின் நடுவே, இரவைப் பகலாக்கிக்கொண்டு நிற்கிறதே லாஸ் வேகாஸ் நகரம், அங்கே ஒரு புத்தகமும் கையுமாகச் சற்று உலாவி வரத்தான் அழைக்கிறேன். காலணாச் செலவில்லை!

நகரத்தின் பழைய பகுதியில் இருக்கிறது பிரீமான்ட் தெரு. தெருவுக்கே பந்தல் போட்டாற்போல் மேலே நீண்ட விதானம்; அதில் வர்ண விளக்குகளின் ஜாலம். இங்கேதான் பென்னி பினியன் என்பவர் 1951-ல் ‘ஹார்ஸ்ஷூ’, அதாவது குதிரை லாடம், என்ற சூதாட்ட விடுதியைத் திறந்தார். 1970-ல் போக்கர் சீட்டாட்டத்தின் உலகப் போட்டி பிறந்ததும் இங்கேதான். போட்டி பிற்பாடு வேறு பெரிய விடுதிகளுக்குக் குடிபோய்விட்டது. பழைய இடம் ‘பினியன்ஸ்’ என்ற பெயரில் இன்னும் இருக்கிறது.

1995-ல் இங்கே நடந்த முக்கியப் பந்தயத்துக்கு 273 பேர் வந்தார்கள். நுழைவுக் கட்டணம் தலைக்கு 10,000 டாலர். ஜெயித்தவர் டான் ஹாரிங்டன். பரிசு 10 லட்சம் டாலர். முன்பு வக்கீலாக இருந்தவர். அவசரப்படாமல் நிதானமாக ஆடும் இந்த மனிதரின் பட்டப்பெயர் என்ன தெரியுமா? ‘ஆக்‌ஷன் டான்’! கேலிக்குத்தான்.

அவர் பில் ராபர்ட்டியுடன் சேர்ந்து, தம் வித்தையை ‘ஹாரிங்டன் ஆன் ஹோல்டம்’ என்ற புத்தகமாக எழுதினார். முதல் பாகம் 2004-ல் வந்தது. தொழில்காரர் தம் ரகசியத்தை வெளியிடுவாரா என்று சந்தேகப்படுகிறீர்களா? வெளியிட்டிருக்கிறார். அந்த ரகசியம் சீட்டைப் பற்றியதே அல்ல, இருப்பைப் பற்றியது!

போட்டியில் எல்லோருக்கும் ஒரே அளவு வில்லைகள் தருவார்கள். அவை தீர்ந்தால் எழுந்து போகவேண்டியதுதான். சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு பேர், முறை வைத்து, சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் கட்டவேண்டும். நேரம் ஆக ஆக அந்தத் தொகை ஏறிக்கொண்டே போகும். வீட்டு வாடகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

உங்களிடம் 6,000 வில்லை இருக்கிறது. கட்டாயப் பந்தயம் 100-ம் 200-ம். மேஜையைச் சுற்றி முறை ஒருதரம் வந்தால் செலவு 300. அப்படியானால் நீங்கள் 20 சுற்றுத் தாங்குவீர்கள். பந்தயம் 400-ம் 800-ம் ஆகிவிட்டால்? அதே 6,000 ஐந்தே சுற்றுத்தான்! இந்த எண்ணுக்கு ‘எம்’ என்று பெயர். இதைச் சொல்லிக் கொடுத்த பால் மக்ரீல் என்ற ஆட்டக்காரரின் பெயரிலுள்ள எழுத்து அது.

மாதக் கடைசியில் அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்து, “இன்னும் எட்டு நாளைக்கு வரும்” என்று கணக்குப் போடுகிறீர்களே, அதேதான்! ஆனால் அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது. பானை குறைந்தால் நாம் என்ன செய்வோம்? அளவைக் குறைப்போம், ஒரு வேளை கஞ்சி வைப்போம். ஹாரிங்டனோ நேர் எதிராகச் சொல்கிறார். எம் 20-க்கு மேல் இருந்தால் பச்சை விளக்கு, பொறுமையாக ஆடலாம். 10-க்கும் 20-க்கும் நடுவே மஞ்சள், கொஞ்சம் துணியவேண்டும். அதற்கும் கீழே ஆரஞ்சு. ஐந்துக்கு வந்துவிட்டால் சிவப்பு. சுமாரான சீட்டு வந்தாலும் இருப்பதையெல்லாம் மொத்தமாக வைத்துவிடவேண்டும்! பயந்து காத்திருந்தால், வாடகை கட்டியே தீர்ந்துபோவீர்கள் என்பது அவர் வாதம்.

அப்படித் துணிந்தால் ஜெயம் நிச்சயமா? அதுதான் இல்லை. அதே 1995 போட்டியில் பார்பரா என்ரைட் என்ற பெண்மணி கடைசி மேஜைவரை வந்தார். அந்த மேஜைக்கு வந்த முதல் பெண் அவர்தான். கையில் ஜோடி எட்டு; இருந்ததையெல்லாம் வைத்தார். எதிராளியிடம் இருந்தது வெறும் ஆறும் மூன்றும். பார்பராவின் பக்கம்தான் நியாயம். ஆனால் மேஜையில் விழுந்த சீட்டுகள் எதிராளிக்கு இரண்டு ஜோடியைக் கொடுத்துவிட்டன! ஐந்தாவது இடத்தோடு அவர் எழுந்தார். அந்தக் கடைசி மேஜையில் இன்னொரு பெண் உட்கார 30 வருஷம் ஆயிற்று. 2025-ல் ஸ்பெயின் நாட்டு லியோ மார்கெட்ஸ் வந்து ஏழாவது இடம் பெற்றார்.

சரியாக முடிவெடுப்பது நம் கையில். பலன் நம் கையில் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள 10,000 டாலர் கட்டவேண்டியதில்லை. அந்த 273 பேரில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். புத்தகம் படித்தவர் ஒருவரா, இருவரா? எல்லோரும் படித்துவிட்ட பிறகு, அந்த வித்தையின் முனையும் மழுங்கிவிட்டது. இன்றைய ஆட்டக்காரர்கள் கம்ப்யூட்டரை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

ஆகவே சீட்டுக்கட்டைத் தேடிப் பரணில் ஏறவேண்டாம். வில்லைகள் போனால் ஆட்டம்தான் போகும். அரிசி போனால் அடுப்பு அல்லவா அணையும்? ஹாரிங்டனின் துணிச்சலைப் பிரீமான்ட் தெருவிலேயே விட்டுவிட்டு, அவருடைய கணக்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். “எவ்வளவு இருக்கிறது?” என்று மட்டும் பார்க்காதீர்கள், “எத்தனை நாளைக்கு வரும்?” என்றும் பாருங்கள்!