போடியில் ஒரு ஜீப்பைக் கழற்றிப் பூட்டுகிறார்கள்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. மேற்கே நிற்கும் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தம்பாறை, ராஜாக்காடு, நெடுங்கண்டம் என்று ஏலக்காய்த் தோட்டங்கள். காய் எடுக்கவும் களை வெட்டவும் போடி, தேவாரம், கம்பம் பக்கத்துப் பெண்கள் வெள்ளென மலையேறி, பொழுது சாய இறங்கி வருகிறார்கள். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அது நல்ல சாலை. அதை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் பாறையும் சேறுமாகக் கிடக்கும் பாதை. ஃபோர் வீல் போட்டு, லோ கியரில்தான் ஏற முடியும்.

இந்தப் பாதைகளில் ஓடும் ஜீப்புகளில் பல, ஓட்டுகிறவரைவிட வயதில் மூத்தவை. அப்படி ஒன்றைச் சேசிஸ் வரை கழற்றி மறுபடியும் பூட்டுகிற வேலை ஒரு வீட்டுக் கொல்லையில் நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். தகரக் கூரை போட்ட கொட்டகை, குறுக்கே போட்ட இரும்பு பீமில் தொங்கும் செயின் பிளாக், சுவரோடு சுவராக ஒரு வெல்டிங் மிஷின். வெளியே போர்டு எதுவும் இல்லை. அறுபதை நெருங்கும் மெக்கானிக் அண்ணனும், ஐடிஐ முடித்துவிட்டு அவரிடம் தொழில் பழகும் ஒரு பையனும்தான் ஆட்கள். வண்டி ஒரு சின்ன ஏலத்தோட்டக்காரருடையது. தன் தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போக வைத்திருக்கும் மஹிந்திரா 540.

நான் போனபோது வண்டி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. பாடி தனியாகச் சுவரில் சாய்ந்திருந்தது. எஞ்சின் லேத்துப் பட்டறைக்குப் போயிருந்தது. நான்கு கட்டைகள் மேல் சேசிஸ் மட்டும் நின்றது. அதன் ஸ்பிரிங் தாங்கிகளிலிருந்து அண்ணன் தூக்குக்குண்டு விட்டுக்கொண்டிருந்தார். குண்டு ஆடி நின்றதும் பையன் சிமெண்ட் தரையில் சாக்பீசால் புள்ளி வைப்பான். எல்லாப் புள்ளிகளையும் வைத்த பிறகு, முன் இடதிலிருந்து பின் வலதுக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் நூல் பிடித்து அளந்தார்கள். இரண்டு நீளமும் ஒன்றாக இருந்தால் சேசிஸ் நேர். கூடக் குறைய இருந்தால் எப்போதோ எங்கேயோ வாங்கிய அடியில் அது கோணிக்கொண்டது என்று அர்த்தம்.

"இதப் பாக்காம மேல எத்தனை வேலை பாத்தாலும் வீண் தம்பி," என்றார். "சேசிஸ் கோணிருந்தா வண்டி ஒருச்சாஞ்சுதான் ஓடும். டிரைவர் நாள் முச்சூடும் ஸ்டீரிங்க இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ஓட்டணும்."

இந்தச் சேசிஸ் நேராகத்தான் இருந்தது. ஆனால் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தை ஒட்டித் துரு ஏறி, சுத்தியலால் தட்டினால் கணீரென்று வரவேண்டிய ஓசை அங்கே மட்டும் மழுங்கி வந்தது. சட்டத்தின் முழு நீளத்துக்கும் அவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ஓசை மாறிய இடங்களில் சாக்பீஸ் வட்டம். வட்டம் போட்ட இடங்களை அறுத்து எடுத்துவிட்டு, அதே கனத் தகடு வைத்து வெல்டு அடிக்க வேண்டும். ஒட்டுத் தகட்டை அவர் சதுரமாக வெட்டவில்லை. இரு முனையும் கூராகச் சரியும்படி வெட்டினார். சேசிஸ் ஓடும்போது முறுக்கி முறுக்கி விடும். வெல்டு சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோடாக இருந்தால் அந்த முறுக்கு முழுவதும் அந்தக் கோட்டில் வந்து நிற்கும். கொஞ்ச நாளில் வெல்டை ஒட்டியே விரிசல் விடும். சரிவாக இருந்தால் பாரம் பரவும். தளர்ந்திருந்த ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, ஓட்டையை ரீமர் போட்டுச் சீராக்கி, இறுக்கமாக உட்காரும் ஹைடென்சில் போல்ட்டுகளைப் பூட்டினார்.

இந்த வண்டியை இவ்வளவு தூரம் கழற்ற முடிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜீப்பின் மூலவடிவம் போருக்காகப் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் வில்லீஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. வழியில் நின்றுபோனால் சிப்பாய்களே கழற்றிச் சரிசெய்ய வேண்டும் என்பதால் தட்டையான தகடு, ஏணி போன்ற சேசிஸ், எல்லாவற்றுக்கும் நட்டும் போல்ட்டும். 1945-ல் மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. அந்த நிறுவனம் வில்லீஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வழியில் வந்ததுதான் 540. இதில் பெஜோ வடிவமைத்த 2,112 சிசி டீசல் எஞ்சின். உருவத்திலும் குணத்திலும் இது இன்னும் அந்தப் போர்க்கால வண்டியின் வாரிசுதான். மென்பொருள் இல்லை, சென்சார் இல்லை. கையும் காதும் உள்ள ஒருவர் எந்தக் கொல்லையிலும் இதைத் திறக்கலாம். இன்றைய வண்டிகளுக்கு இது வாய்க்காது; அதில் எனக்கு வருத்தம் உண்டு.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேத்துக்காரர் கிராங்க்கை கிரைண்டிங் செய்து, ஹெட்டை ஃபேசிங் பிடித்து, அளவுச் சீட்டோடு அனுப்பிவிட்டார். டீசல் பம்ப் பம்ப்காரரிடம் போயிருந்தது. சாவியைத் திருப்பி ஹீட்டர் சூடாகும்வரை பொறுத்து ஸ்டார்ட் செய்யும் பழைய ரகம். "எஞ்சின் செத்தா வண்டி நின்னுரும். நின்ன வண்டியால யாருக்கும் ஆபத்து இல்ல," என்றார் அண்ணன். அவர் மனசெல்லாம் முன் ஆக்சிலில் இருந்தது.

ஜீப்பின் முன் சக்கரம் திரும்புவது கிங் பின்களின் மேல். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டிலும் பேரிங். அது தேய்ந்துவிட்டால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் குழியில் விழுந்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் படபடவென்று உதறத் தொடங்கும். ஸ்டீரிங் கையில் நிற்காது. பிரேக் போட்டு வேகம் குறைத்தால்தான் அடங்கும். பலரும் இதற்கு வீல் பேலன்ஸ் பார்க்கிறார்கள், டயரை மாற்றுகிறார்கள். அண்ணன் பழைய பேரிங்கைக் கழற்றி என் கையில் வைத்தார். உள்வளையத்தில் ரோலர்கள் ஒவ்வொன்றும் நின்ற இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வாங்கிய அடி.

புதுப் பேரிங் போட்டால் மட்டும் போதாது. மூடியின் அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இறுக்கம் சரிபார்க்க வேண்டும். ஆயில் சீலும் டை ராடும் பூட்டாமல், நக்கிளின் கையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு மெதுவாக இழுத்தார். எந்த எடையில் நக்கிள் அசையத் தொடங்குகிறதோ அதுதான் கணக்கு. லேசாக வந்துவிட்டால் ஒரு ஷிம்மை எடுப்பார். கனமாக இருந்தால் ஒன்றைச் சேர்ப்பார். மேலும் கீழும் சமமாக. இடது பக்கம் சீக்கிரம் அமைந்துவிட்டது. வலது பக்கம் அமையவே இல்லை. பூட்டுவது, இழுப்பது, கழற்றுவது, ஒரு ஷிம், மறுபடி பூட்டுவது என்று மத்தியானம் கழிந்தது. பையன் ஒரு கட்டத்தில், "இது போதும்ணே, ஓட்டுனா செட்டாயிரும்," என்றான். அண்ணன் பதில் சொல்லவில்லை. ஸ்பானரை நீட்டினார், பையன் வாங்கிக் கழற்றினான். இந்தத் தொழில் கைமாறுவது பெரும்பாலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பிரேக். பழைய பிரேக் குழாய்களை முழுவதும் எடுத்துவிட்டார். எப்போதோ யாரோ வளைக்கச் சுலபமாக இருக்கிறதென்று செம்புக் குழாய் போட்டிருந்தார்கள். செம்பு அதிர அதிரக் கெட்டிப்பட்டு, மடிப்பில் வெடித்துவிடும். அண்ணன் இரும்பு பண்டி பைப்தான் போடுகிறார். முனையை இரட்டை மடிப்பாக மலர்த்தி, சேசிஸோடு உரசாத இடமாகப் பார்த்துக் கிளிப் அடிக்கிறார். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும் பொருள். மலை இறங்கும்போது டிரம் சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகிவிடும். மிதித்தால் பெடல் தரை வரை போகும். அதனால் ஆயில் டப்பாவைத் திறந்தால் அன்றே முடித்துவிடுவார். மிச்சத்தை மூடி வைப்பதில்லை.

கைப்பிரேக்கை அவர் விளக்கியபோதுதான் இந்த வண்டியின் ஒரு முக்கியமான பலவீனம் புரிந்தது. அது பின் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேசுக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும் ஒரு சின்ன டிரம்மைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்டின் கிராஸ் உடைந்தால் கைப்பிரேக்கும் போச்சு. அதைவிட அடிக்கடி நடப்பது, டிரான்ஸ்ஃபர் கேசின் ஆயில் சீல் கசிந்து லைனிங் எண்ணெயில் ஊறிப்போவது. கைப்பிரேக் பிடிக்கவில்லை என்று வருகிறவர்கள் கேபிளை இறுக்கச் சொல்கிறார்கள். அண்ணன் முதலில் சீலைத்தான் பார்க்கிறார். சரிவில் வண்டியை நிறுத்திப் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் இறங்குகிற நேரத்தில் வண்டியைத் தாங்குவது அந்தச் சின்ன டிரம் மட்டும்தான்.

டிங்கர் வேலைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார். பட்டி மிகக் குறைவாகவே தடவினார். பழைய கதவுக் கீலும் கண்ணாடிச் சட்டமும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து லாரி பார்சலில் வந்தன. கூரைக்குப் படுதா தைப்பவர் அண்ணனின் மனைவி. கொட்டகையின் மறுகோடியில் அவருடைய தையல் மிஷின். சீட்டுக்கு ரெக்சின் தைப்பதும் அவர்தான். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்தவர் அந்த அக்கா. பின்சீட்டு விஷயத்தில் அவர் சொன்னதுதான் அங்கே முடிவு.

"ஓட்டுறவுகளுக்கு ஸ்டீரிங்கு இருக்கு, பிடிச்சுக்குவாக. பின்னாடி நாங்க எதைப் பிடிக்கிறது? வளைவுல திரும்புனா எதிர்ல இருக்கவ மடியிலதான் போயி விழணும்," என்றார். இரண்டு நீளச் சீட்டுகளும் எதிரெதிரே. உயரம் அதிகமானால் கால் தரையில் ஊன்றாது. குறைந்தால் முழங்கால்கள் இடிக்கும். வெறும் பலகையை முட்டுக்கொடுத்து வைத்து, அக்காவை உட்காரச் சொல்லி உயரத்தைக் குறித்துக்கொண்டார் அண்ணன். தலைக்கு மேலே இரு பக்கமும் பிடிகம்பி. கம்பியில் சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டார்கள், பனியில் வழுக்காமல் இருக்க. ஏறும் படி இன்னும் தாழ்வாக வேண்டும் என்றார் அக்கா. சாயங்காலம் முழங்கால் கடுக்கும்போது அந்த உயரத்துக்கு ஏற முடியாதாம். படியும் தாழ்ந்தது.

எத்தனையோ பழைய ஜீப்புகள் பளபளவென்று புதுப்பிக்கப்பட்டு வாரக் கடைசியில் மட்டும் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆசைப்பட்டுச் செய்கிறார்கள். ஆனால் புதுப்பித்தல் என்ற வேலைக்கு முழு மரியாதை கிடைப்பது இந்தக் கொட்டகையில்தான் என்று எனக்குத் தோன்றியது. இங்கே ஒவ்வொரு அளவும் பின்னால் உட்காரப்போகும் உடம்பிலிருந்து வருகிறது.

தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போன ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி தேனி மாவட்டத்துக்குப் புதிதல்ல. காரணம் எப்போதும் வண்டியின் வயது அல்ல. ஆர்சியில் எழுதிய இருக்கைக்கு மேல் எத்தனையோ பேரை அடைப்பதும், பின்பக்கம் ஒரு பலகையை நீட்டி நிற்கவைப்பதும்தான். அப்படிப் பலகை அடித்துத் தரச் சொல்லி அண்ணனிடம் கேட்டவர்கள் உண்டு. அவர் செய்து தருவதில்லை. பெரிய எஞ்சினை மாற்றித் தரச் சொல்லுகிறவர்களும் வருகிறார்கள். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்ததை அவர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். 15 வருஷம் முடிந்த சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைத் திறந்து காட்டும்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும்.

பூட்டி முடித்த பிறகு பெயிண்ட் அடிக்காமலே மலைக்கு எடுத்துப் போனார். பிரைமர் பூசிய சாம்பல் நிற ஜீப். பின்னால் பெண்களுக்குப் பதில் மணல் மூட்டைகள். நான் முன்சீட்டில் இருந்தேன். ஏறும்போது அவர் பேசிக்கொண்டே வந்தார். மெட்டில் டீ குடித்துவிட்டு இறங்கத் தொடங்கியதும் பேச்சு நின்றது. ஏறிய கியரிலேயே இறங்கினார். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டது. சில வளைவுகளில் மட்டும் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தினார். அடிவாரத்தில் ஓரங்கட்டியதும் இறங்கி, நான்கு சக்கரங்களின் டிரம்முக்கும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். முன் இடது டிரம் மற்றவற்றைவிடக் காந்தியது.

"ஷூ ஒரசுது. இல்லாட்டி வீல் சிலிண்டர் திரும்பி வரமாட்டேங்குது," என்றார் பையனிடம். வீட்டு வாசலில் தோட்டக்காரர் காத்திருந்தார். காய் எடுப்பு தொடங்கிவிட்டது, நாளைக்கே வண்டி வேண்டும் என்றார். என்ன கலர் என்பதும் இன்னும் முடிவாகவில்லை. அண்ணன் வண்டியை நேராகக் கொட்டகைக்குள் ஏற்றி, முன் இடது பக்கம் ஜாக்கி வைக்கச் சொன்னார்.