சட்டைப் பையில் இருந்த மூடி

மினசோட்டா மாநிலத்துக் கார்களின் நம்பர் பிளேட்டிலேயே '10,000 ஏரிகள்' என்று போட்டிருக்கும். மினியாபொலிஸில் இருக்கும் என் மகன், நம் ஊரில் பழைய பைக் வாங்குவது மாதிரி, ஒரு பழைய 16 அடிப் படகு வாங்கினான். போன கோடையில் நான் அங்கே போனபோது அது டிரெய்லர் மேல் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை அதைக் காரில் மாட்டி மின்னடோங்கா ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். கரையில் தண்ணீருக்குள் இறங்கும் சிமெண்ட் சரிவு. டிரெய்லரைப் பின்பக்கமாக அதில் இறக்கி, படகு மிதந்ததும் காரை மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது லேசில்லை. ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்த வேண்டும். காலியான கார் பார்க்கிங்கில் இரண்டு வாரம் பழகினானாம். 40 வருஷம் கார் ஓட்டிய நான் வாயைத் திறக்கவில்லை.

காலையிலேயே நீண்ட வரிசை. அங்கே முக்கியமான மரியாதை, சரிவுக்கு வந்தபின் எந்த வேலையையும் ஆரம்பிக்காமல் இருப்பது. சாப்பாட்டுப் பெட்டி ஏற்றுவது, லைஃப் ஜாக்கெட் மாட்டுவது, படகின் பின்பக்கப் பட்டைகளை அவிழ்ப்பது எல்லாம் மேலே ஓரமாக நின்று முடித்துவிட வேண்டும். முன்பக்க வின்ச் பட்டையை மட்டும் படகு தண்ணீரைத் தொடும்வரை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் படகு சறுக்கி சிமெண்டில் விழும்.

இன்னொன்று, மூடி. படகின் அடியில் பின்பக்கம், தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு. ஏரியை விட்டுக் கிளம்பும்போது தண்ணீரை வடித்துவிட்டு, மூடியைக் கழற்றிய நிலையில்தான் ரோட்டில் போக வேண்டும். அது அங்கே சட்டம். காரணம் ஸீப்ரா மஸல் என்ற நகத்தளவு சிப்பி. கருங்கடல், காஸ்பியன் பக்கத்திலிருந்து கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரில் 1980களில் வந்து சேர்ந்தது. மின்னடோங்காவில் 2010இல் கண்டுபிடித்தார்கள். மிச்சத் தண்ணீரில் அதன் குஞ்சுகள் அடுத்த ஏரிக்கும் போய்விடும்.

அன்று மூடி படகுக்குள் தரையில் கிடந்தது. தொலைந்துவிடப் போகிறதே என்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பத்திரப்படுத்துவது என் பழக்கம். எதை எங்கே பத்திரப்படுத்தினேன் என்று மறப்பதும்தான்.

"எல்லாம் ஆச்சாப்பா?" என்றான் மகன்.

"ஆச்சுடா."

படகு மிதந்தது. பேரன் உள்ளே உட்கார்ந்திருந்தான். நான் மரத்துறையில் கயிற்றைப் பிடித்து நின்றேன். மகன் காரை நிறுத்தப் போனான். "தாத்தா, ஷூ நனையுது" என்றான் பேரன்.

கை தானாகப் பைக்குப் போனது. முதலில் பிள்ளையைத் தூக்கி மேலே விட்டேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. வரிசையில் அடுத்து நின்றவர், பெரிய தாடிக்காரர், ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி வந்து, பேன்ட்டோடு தண்ணீருக்குள் நடந்து, கையை மட்டும் நீட்டினார். மூடியைக் கொடுத்தேன். குனிந்து திருகிவிட்டு, படகை மரத்துறையின் அந்தக் கோடிக்குத் தள்ளி விட்டுப் போனார். சரிவு காலியானது. நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மகன் ஓடி வந்தான். பம்ப்பைப் போட்டான். என்னைப் பார்க்கவே இல்லை. அன்று முழுக்க ஏரியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மீனும் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் அவனே ஆரம்பித்தான். "தப்பு என்னுதுப்பா. எல்லாம் ஆச்சான்னு கேட்டா யாரும் ஆச்சுன்னுதான் சொல்லுவாங்க. மூடி போட்டாச்சான்னு கேட்டிருக்கணும்."

"நானும் யோசிக்காம சொல்லிட்டேன்டா" என்றேன்.

இப்போது அந்த மூடியைப் படகுச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறான். மூடியைத் தொடாமல் என்ஜினைக் கிளப்ப முடியாது. என் சட்டைப் பையைச் சோதிப்பது மட்டும் பேரனின் பொறுப்பு.