சிக்கனமாய் ஒரு நாகசாகி யாத்திரை

ஜப்பான் என்றதும் நம்மவர் முதலில் கேட்பது செலவைத்தான். உப்பளத்து விசுவாசிகளும் அதையே கேட்டனர். விமானக் கட்டணம் பெருந்தொகை என்பதை மறுப்பதற்கில்லை. அதைக் குறைக்கும் வித்தை நமக்குத் தெரியாது. ஆனால், நாகசாகியில் இறங்கிய பின் மூன்று நாட்களைக் கழிக்கப் பெரும் பணம் வேண்டியதில்லை என்று கண்டோம்.

புக்குவோக்கா நகரிலிருந்து பேருந்தில் சென்றோம். இரயிலில் நேரம் மிச்சம். பேருந்தில் பணம் மிச்சம். பலர் ஒன்றாய்த் தங்கும் விடுதியில், அடுக்குக் கட்டிலில் படுக்கை. அறை மிகவும் தூய்மை. ஏப்ரல் கடைசி வாரத்திலும் மே முதல் வாரத்திலும் அந்நாட்டார் விடுமுறையில் புறப்படுவதால் வாடகை ஏறிவிடும். நாம் சென்றது குளிர்காலத்தில்.

உணவு? கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்றுருண்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். உள்ளே உப்பிலிட்ட புளிப்புப் பழம் வைத்ததை வாங்கினால் நம்மூர் ஊறுகாய் சாதம்தான். இரவில் பெரிய கடைகளில் மிஞ்சிய சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பாதி விலைக்கும் கொடுப்பார்கள். நகருக்குள் டிராம் வண்டி ஓடுகிறது. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் காசு போட வேண்டும்.

இரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் நிஷிசாகா குன்று. 1597 பெப்ருவரி 5-ல் சிலுவையில் அறையப்பட்ட இருபத்தாறு வேதசாட்சிகளின் வெண்கல உருவங்கள் அங்கே வரிசையாய் நிற்கின்றன. அவர்களுள் ஒருவர் நம் நாட்டு வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. கியோத்தோவிலிருந்து கடுங்குளிரில் ஏறத்தாழ ஒரு மாதம் நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். இங்கே கட்டணம் ஏதுமில்லை.

ஓவுரா ஆலயத்திலோ நுழைவுக் கட்டணம் 1000 யென். நம் பணத்தில் ஏறக்குறைய 600 ரூபாய். நம்முடன் வந்த உபதேசியார் வாசலிலேயே நின்றுவிட்டார். "சாமி, கோவிலுக்குள்ளே போகவும் காசா?" என்றார். நமக்கும் மனம் ஒப்பவில்லை. இருவருக்குமாக அது இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு. சற்று நேரம் படியில் உட்கார்ந்து யோசித்து, கடைசியில் கொடுத்தோம்.

அந்த ஆலயத்தைக் கட்டியவர்கள் பாரீஸ் வேதபோதக சபையினர். 1776 முதல் நம் புதுவையில் உழைத்த அதே சபையார். 1907-ல் அர்ச்சிக்கப்பட்ட நமது இருதய ஆண்டவர் ஆலயத்தை எழுப்பியவர்களும் அவர்களே. 1865 மார்ச் 17-ல் உரகாமி கிராமத்தார் சிலர் இங்கே வந்து, பெத்திழான் சுவாமியிடம் தங்கள் விசுவாசமும் அவருடையதே என்று மெல்லச் சொல்லி, மரியாயின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருக்கள் இன்றி, ஞானஸ்நானத்தையும் செபங்களையும் இரகசியமாய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்த குடும்பங்கள்! அச்சுரூபம் இன்றும் அங்கே உள்ளது. அதன்முன் முழந்தாளிட்ட உபதேசியாரை, ஆலயம் மூடும் நேரம் என்று நாம்தான் எழுப்ப வேண்டியதாயிற்று.

அந்த உரகாமியின் பேராலயத்தில் மறுநாள் காலைத் திருப்பலி. 1945 ஆகஸ்டு 9-ல், 11 மணி 2 நிமிடத்திற்கு, அணுகுண்டு இக்கோவிலுக்கு அருகில்தான் வெடித்தது. பங்கின் 12,000 விசுவாசிகளுள் சுமார் 8,500 பேர் மாண்டனர். 1959-ல் மீண்டும் எழுந்த கோவில் இது. அழிந்துபோன மணிக்கு ஈடாக அமெரிக்கக் கத்தோலிக்கர் அளித்த புது மணி, 2025-ல் அதே நாளில், அதே நிமிடத்தில் ஒலித்தது.

ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் நமக்கு விளங்கவில்லை; ஆயினும் எங்கே எழ வேண்டும், எங்கே முழந்தாளிட வேண்டும் என்பதில் தடுமாறவில்லை. பூசை முடிந்ததும் மூதாட்டி ஒருவர் தலை தாழ்த்தி வணங்கி, பையிலிருந்து நான்கு கமலாப் பழங்களை எடுத்து நம் கையில் வைத்தார். திரும்பும் பேருந்தில் அவையே நமக்குப் பகல் உணவு.