நாற்பது ஓவர்சைஸ்

எஞ்சினைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் என்ன பேச்சு என்று வினவக்கூடிய நண்பர்களுக்கு முன்கூட்டியே ஒரு சொல். 'போர்' என்றால் புறத்திணைப் பொருளை மட்டுமே அறிந்தவர்கள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் அரைமணி நேரம் நின்று பார்க்கலாம். அங்கே போர் என்பது சிலிண்டரின் உள்விட்டம். தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து, சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்தி, வண்டிக்கு இரண்டாம் ஆயுள் தருவது அந்தப் பட்டறைகளின் அன்றாடப் பிழைப்பு. தேயாத சிலிண்டரையும் வேகத்துக்காகக் கடைபவர்கள் உண்டு. அவர்கள் பந்தயக்காரர்கள்.

பந்தயக்காரர்களில் இத்தாலியர்களை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 1972 ஏப்ரலில் இமோலா 200 மைல் பந்தயத்தில் டுகாட்டியின் 750 சிசி வண்டிகள் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தன. பால் ஸ்மார்ட் முதலில், புரூனோ ஸ்பாஜ்ஜாரி அடுத்து. ஃபாபியோ தாலியோனி வடிவமைத்த அந்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சினின் போர் 80 மி.மீ., ஸ்ட்ரோக் 74.4 மி.மீ. பிற்பாடு ஸ்ட்ரோக்கை அப்படியே வைத்துக்கொண்டு போரை 86 ஆக்கினார்கள். 748 சிசி 864 ஆயிற்று. மைக் ஹெயில்வுட் பதினோரு ஆண்டுகள் கழித்து 1978இல் மேன் தீவுக்குத் திரும்பி வந்து வென்றது அந்த 864இல்தான். இடையில் நடந்தது ஆறு மில்லிமீட்டர். ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை.

விட்டம் கூடினால் பரப்பு அதன் இருமடியாகக் கூடுகிறது என்பது பள்ளிக்கணக்கு. அதற்கான விலை பள்ளியில் சொல்லித்தரப்படுவதில்லை. எரியறையைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் பெரிதாக்கினால் அழுத்த விகிதம் தானாக ஏறிவிடும். பத்துக்கு ஒன்று என்றிருந்த எஞ்சினில் 80ஐ 86 ஆக்கினால் ஏறத்தாழ 11.4க்குப் போகும். தரம் குறைந்த பெட்ரோலில் அது தட்டத் தொடங்கும். பெரிய பிஸ்டன் கனமானது. ஒவ்வொரு முறை மேலே நின்று திரும்பும்போதும் கனெக்டிங் ராடை அதிகமாக இழுக்கும். பிளக்கில் பிறந்த தீ அறையின் மறுகோடிக்குச் செல்லவேண்டிய தொலைவும் நீள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிலிண்டரின் சுவர் மெலிகிறது.

இத்தாலி வரை போனது ஒரு வசதிக்காக. இதே வேலை ஓரகடத்திலும் நடந்திருக்கிறது. 2013இல் அங்கே திறக்கப்பட்ட ராயல் என்ஃபீல்டு ஆலையிலிருந்து அதே ஆண்டு வந்த காண்டினென்டல் ஜிடியை நினைவிருக்கிறவர்கள் இருப்பார்கள். 500 சிசி எஞ்சினின் போர் 84. அதை 87 ஆக்கினார்கள். 535 சிசி கிடைத்தது. ஸ்ட்ரோக் 90 மி.மீ.யில் கைவைக்கவில்லை. அந்தத் தொண்ணூறு பழைய தொண்ணூறு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனமும் கைகோத்துத் திருவொற்றியூரில் தொடங்கிய காலத்துப் புல்லட் 350க்கு 70 போர், 90 ஸ்ட்ரோக். எழுபது எண்பத்து நான்காகி எண்பத்தேழானது. தொண்ணூறு நின்ற இடத்தில் நின்றது. 2018இல் வந்த 650 இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் அளவுகள் வேறு கணக்குக்குப் போயின.

எங்கள் வீட்டில் இருப்பது அந்த எழுபதுக்குத் தொண்ணூறு. எங்கள் என்றால் அண்ணன் தம்பி இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர், மற்றவர் இந்தத் தொழிற்பாதையின் ஆலையொன்றில் ஷிப்டு பார்க்கிறவர். வலக்காலில் கியர் மாற்றும் பழைய வண்டி; வார்ப்பிரும்புச் சிலிண்டர். ஓரகடத்தை ஒட்டி எங்களுக்கு இருந்த மேட்டு நிலத்தில் வேர்க்கடலை விளைந்த ஒரு நல்ல ஆண்டில் அப்பா வாங்கியது. அந்த நிலம் இன்று தொழிற்பேட்டைக்குள் ஏதோ ஒரு மதிற்சுவருக்கு அப்பால் இருக்கிறது. எந்த மதில் என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. நிலத்தின் விளைச்சலில் மிஞ்சியிருப்பது வண்டி ஒன்றுதான். அது நீலப்புகை தள்ள ஆரம்பித்திருந்தது.

ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியைச் சுரண்டியபோது 020 என்ற பொறிப்பு தெரிந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு. அப்பா காலத்திலேயே ஒருமுறை கடைந்தாகிவிட்டது என்று பொருள். அவர் எங்களிடம் சொன்னதில்லை.

எங்களில் இளையவருக்கு ஆசை பெரிதாக இருந்தது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்தில் வார இறுதிகளைக் கழிப்பவர். இத்தாலியக் கதையெல்லாம் அவர் வழியாக வீட்டுக்குள் வந்ததுதான். 84 போட்டுவிடலாம், ஐந்நூறு ஆகிவிடும் என்றார். பட்டறைப் பெரியவர் வெர்னியரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எம்பத்தி நாலு போடணும்னா பிளாக்கு மட்டும் பத்தாது தம்பி, கிராங்க் கேஸ் வாயையே கடையணும். அப்புறம் திரும்பி வர வழி கெடையாது." அவருடைய சொற்களஞ்சியத்தில் 'வழி கிடையாது' என்பது அபூர்வம். எதற்கும் ஏதாவது ஒரு வழி வைத்திருக்கிற மனிதர்.

மீதியிருந்தவை இரண்டு. நாற்பது ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுச் சிலிண்டரை அதற்குக் கடைவது ஒன்று. ஏறத்தாழக் கடைசிப் படி. உள்ளே புதிய ஸ்லீவ் இறக்கி, மறுபடியும் எழுபதுக்கே திரும்புவது மற்றொன்று. கொள்ளளவில் பார்த்தால் வேடிக்கைதான்: 346 சிசி, இருபதில் 351, நாற்பதில் 356. இந்தப் பத்து சிசிக்கும் வேகத்துக்கும் தொடர்பே இல்லை. ஸ்லீவ் அடித்தால் இன்னும் இரண்டு மூன்று தலைமுறைப் பிஸ்டன்கள் தாங்கும் என்றார் இளையவர். அறிவுக்கு உகந்த வாதம். அப்பாவின் இரும்பை மறைத்து இன்னொரு குழாயைச் செருகுவதா என்றார் மூத்தவர். தமிழ் படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

பெரியவர் இடைமறித்தார். "சார், ரெண்டுலயுமே அப்பா ஓட்டின சுவரு போயிடும். நாற்பதுல அது தூளாப் போகும், ஸ்லீவுல உள்ள மறையும். அவ்ளோதான் வித்தியாசம்."

அதன்பின் எங்களிடம் வாதம் இல்லை. அம்மாவிடம் கேட்டோம். "ஒங்கப்பா இருந்தா எது செலவு கம்மியோ அதத்தான் பண்ணுவாரு," என்றார். நாற்பது.

முதலில் பிஸ்டனைக் கொண்டுவரச் சொன்னார் பெரியவர். "பிஸ்டனுக்குத்தான் போரு. போருக்குப் பிஸ்டன் தேடக்கூடாது." கடையில் வாங்கிய பிஸ்டனைக் கையில் வைத்து, மைக்ரோமீட்டரில் மூன்று இடங்களில் அளந்து, சிலேட்டில் எழுதிக்கொண்டார். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட அதிகம் விரிவதால் அதற்கு விடவேண்டிய இடைவெளியைக் கூட்டி, அந்த அளவுக்குக் கடைந்தார். தேய்வு மேல் ரிங் ஓடிய இடத்தில் அதிகம், அதுவும் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில். கடைசலில் வந்த தூள் சாம்பல் நிறம், மாவைவிட நயம். பிறகு ஹோனிங், சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள், ஆயில் தங்கி நிற்பதற்கு. ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் இறக்கி அதன் வாய் இடைவெளியை ஃபில்லர் கேஜால் பார்த்து, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். முழுநாள் வேலை. வாங்கிய கூலியை இங்கே எழுதினால் அவருக்கு அவமானமாகிவிடும், அவ்வளவு குறைவு. இந்தப் பாதையின் ஆலைகளில் பழகும் பிள்ளைகளில், எங்கள் கல்லூரியில் படித்துவிட்டுப் போனவர்களும் உண்டு, இந்த வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கையால் செய்ய வாய்ப்புள்ளவர் எத்தனை பேர் என்று இளையவரைக் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் ஹோனிங் கல்லைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

020 பொறித்த பழைய பிஸ்டன் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது.

முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஐம்பதைத் தாண்டக்கூடாது என்பது பெரியவரின் உத்தரவு. சிங்கப்பெருமாள் கோயில் சாலையில், கன்டெய்னர் லாரிகள் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வர, முறைவைத்து நாற்பதில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இன்னும் 180 கிலோமீட்டர் மீதியிருக்கிறது.