கத்தியிடம் கற்ற நூல்!

இமாசலத்தில் சம்பாவுக்கு மேலே பர்மௌர். எல்.டி.சி. புண்ணியத்தில் போயிருந்தேன். அங்கே ஆடு மேய்க்கும் இனத்துக்கு 'கத்தி' என்று பெயர். (ஆசாமிகள் பரம சாது!) மலையேறும்போதே தக்களியில் கம்பளி நூற்றபடி நடக்கிறார்கள்.

ஒரு பெரியவரிடம் அரைகுறை இந்தியில் கெஞ்சித் தக்களியை வாங்கினேன். ஆட்டு ரோமத்தின் மெழுகு விரலெல்லாம் பிசுபிசுத்தது. முறுக்குக் குறைந்தால் இழை நழுவித் தக்களி 'டொப்'! கூடினால் நூல் சுருண்டு கொள்கிறது. என் நூல் ஓரிடத்தில் தாம்புக்கயிறு, ஓரிடத்தில் ஒட்டடை.

"இறுக்காதே பேட்டா, தானா வரும்" என்றார். பிடியைத் தளர்த்தினேன். ஒரு முழம் ஒழுங்காக வந்தது!

அவர் இடுப்பில் சுற்றுச் சுற்றாகக் கறுப்புக் கம்பளிக் கயிறு. 'டோரா'வாம்.

"இதை நூற்க எத்தனை நாளாச்சு, பாபா?"

"ஆட்டுக்குப் பின்னாடி நடந்தப்போ நூத்தது. நாளை யார் எண்ணினா?"

ஆபீஸில் எனக்குப் பதினைந்து வருஷம். நாள் கணக்கு பைசா சுத்தம். நூல்தான் ஒரு முழம்!