வாசலில் நின்றவனின் சம்பளம்

நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். வாசித்துவிட்டு பத்வா கேட்டு இன்பொக்ஸுக்கு வரவேண்டாம். எங்களிடம் அது இல்லை.

கல்வியியற் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் நாங்கள் நாலு பேர். அதில் மூன்று பேர் இன்று ஒரே வலயத்தில் படிப்பிக்கிறோம். ஒருவர் கணிதம், ஒருவர் ஆங்கிலம், ஒருவர் இஸ்லாம். இந்தப் பதிவும் மூன்று பேருடையதுதான். நாலாமவன் இங்கிலாந்தில் இருக்கிறான். பெயர் போடவில்லை, அவனுடைய வாப்பா இப்போது பேஸ்புக்குக்கு வந்துவிட்டார். மச்சான் என்றே வைத்துக்கொள்வோம்.

மச்சானுக்கு அந்தக் காலத்திலேயே றொக் இசைப் பைத்தியம். விடுதியில் லைட் அணைத்த பிறகும் ஒற்றைக் காதில் இயர்போன் இருக்கும். மற்றப் பக்கத்தால் கசிகிற சத்தம் எங்களுக்கு அரிசி ஆலை ஓடுவது போலக் கேட்கும். இஸ்லாம் சேர் பல தடவை சண்டை பிடித்திருக்கிறார். ஆனால் சுபஹுக்கு முதலில் எழும்பி எங்களைத் தட்டி எழுப்பியதும் அவன்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மனைவியின் வேலை விசாவில் போனவன், பகலில் ஒரு பாடசாலையில் உதவியாளராக இருக்கிறான். வெள்ளி, சனி இரவுகளில் ஒரு சின்ன மியூசிக் கிளப்பின் வாசலில் நிற்கிற வேலை கிடைத்தது. இருநூறு பேர் நெருக்கி நிற்கக்கூடிய இடம். டிக்கட்டைப் பார்த்து கையில் முத்திரை குத்தி உள்ளே விடவேண்டும். விரும்பிய இசையை இலவசமாகக் கேட்கவும் கிடைக்கிறது. உள்ளே பார் இருப்பது அவனுக்குத் தெரியும். "நான் பாருக்குள்ள போறல்ல மச்சான், என்ட வேலை டிக்கட்டோட முடியும்" என்று எங்களிடம் சொல்லியிருந்தான். நாங்களும் தலையாட்டினோம்.

2024இல் ஓர் இரவு அழைத்தான். குரல் சரியில்லை. கிளப் முகாமையாளர் பேச்சோடு பேச்சாகச் சொன்னாராம்: "டிக்கட் காசால இங்க ஒருத்தருக்கும் சம்பளம் குடுக்க ஏலாது, எல்லாம் பாரால வாறதுதான்."

"அப்ப என்ட சம்பளம் எங்கால வருது? கணக்குப் பாத்துச் சொல்லுங்கடா."

சனிக்கிழமை மாலை கணித சேர் வீட்டு முற்றத்தில், மகளின் பயிற்சிக் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். தரவுகளை மச்சான் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தான்.

டிக்கட் 10 பவுண். வந்தவர்கள் 100 பேர். மொத்தம் 1000 பவுண்.

அந்தப் பத்துக்குள்ளேயே 20 வீத வற் வரி இருக்கிறது. (எங்களுடைய 18ஐ விட இரண்டு கூட.) ஆயிரத்தில் இருநூறைக் கழித்தார் ஆங்கில சேர். பிழை. 1.2ஆல் வகுக்க வேண்டும். மிஞ்சுவது 833 பவுண் 33 பென்ஸ்.

அடுத்தது பாடல்களை எழுதியவர்களுக்கான உரிமைத் தொகை. அங்கே இசை நிகழ்ச்சிகளுக்கு அது வருமானத்தில் 4.2 வீதம். போனது 35 பவுண். ஒலி பார்க்கிறவருக்கு 150. பாதுகாப்புக்கு நிற்கும் இருவருக்கு 200. முதலில் பாடும் சின்னக் குழுவுக்கு 100. விளம்பரத்துக்கு 50. மிஞ்சுவது 298.

இதை வந்த குழுவுக்கு எண்பது, கிளப்புக்கு இருபது என்று பிரிக்கிறார்கள். குழுவுக்கு 238. நாலு பேர், ஒரு வேன், பெற்றோல், இரவுச் சாப்பாடு. கிளப்புக்கு 60கூட முழுதாக இல்லை.

அந்த வருசம் ஏப்ரலில் இருந்து அங்கே 21 வயதுக்கு மேற்பட்டவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 11 பவுண் 44 பென்ஸ். மச்சான் நிற்பது ஆறு மணித்தியாலம். 68 பவுண் 64 பென்ஸ்.

நூறு பேருக்கு டிக்கட் விற்றும் அந்தக் கட்டடத்துக்கு மிஞ்சுவது, வாசலில் நிற்கும் ஒரு ஆளின் கூலிக்கே போதாது. கட்டட வாடகை, மின்சாரம், துப்புரவு எதையும் நாங்கள் இன்னும் கொப்பியில் எழுதவே இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கணித சேரின் மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். "சரி, இப்ப அவனுக்கு என்ன சொல்ற?" என்றார் ஆங்கில சேர். இஸ்லாம் சேர் கொப்பியை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். எங்காவது ஒரு கூட்டல் பிழை இருக்காதா என்று பார்ப்பது போல இருந்தது.

அன்று அவனுக்கு நாங்கள் சொன்னது இதுதான்: கணக்கு உன் முகாமையாளர் சொன்ன மாதிரித்தான் வருது. மிச்சத்தை உன் ஊர் பள்ளிவாசலில் ஓதித் தெரிந்த ஒருவரிடம் கேள்.

ஆனால் விசயம் எங்களை விடவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் இந்த டிக்கட் சமாச்சாரத்தைத் தோண்டத் தொடங்கினோம். றொக் இசை எங்களுக்கு இன்னும் அரிசி ஆலைதான். கணக்கு வேறு விசயம்.

மச்சான் வாசலில் செய்யும் இன்னொரு வேலை, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கையில் கறுப்பு மார்க்கரால் பெரிய X ஒன்று போடுவது. அந்தக் கையோடு பாருக்குப் போனால் மது கொடுக்க மாட்டார்கள். இந்த X எங்கிருந்து பரவியது என்று தேடினால் கதை அமெரிக்காவுக்குப் போகிறது. 1980இல் வொஷிங்டனைச் சேர்ந்த டீன் ஐடில்ஸ் என்ற சின்னப் பையன்களின் குழு சான் பிரான்சிஸ்கோவில் மபுஹாய் கார்டன்ஸ் என்ற கிளப்பில் வாசிக்கப் போனது. குடிக்கும் வயது வராதவர்களை எப்படி உள்ளே விடுவது? கையில் X போட்டு விட்டார்கள். பையன்கள் அந்த யோசனையை ஊருக்குக் கொண்டுவந்து, "எங்களுக்கும் X போடுங்கள், குடிக்க மாட்டோம், பாட்டு மட்டும் கேட்கிறோம்" என்று வொஷிங்டன் கிளப்புகளிடம் பேசினார்கள். பிறகு குடிக்கும் வயது வந்தவர்களும் தாங்களாகவே கையில் X போட ஆரம்பித்தார்கள். நாங்கள் குடிப்பதில்லை என்ற அடையாளமாக.

அந்தப் பையன்களில் ஒருவர் இயன் மெக்காய். அடுத்த வருசமே மைனர் த்ரெட் என்ற குழுவில், மதுவும் போதையும் தனக்கு வேண்டாம் என்று ஒரு நிமிசம்கூட ஓடாத ஒரு பாட்டுப் பாடினார். பிறகு 1987இல் மேடையேறிய ஃபுகாஸி என்ற குழுவில் டிக்கட் விலையைத் தாங்களே தீர்மானித்தார்கள். ஐந்து டொலர். எல்லா வயதினருக்கும் அனுமதி. இந்த இரண்டுக்கும் உடன்படாத இடத்தில் பாடமாட்டோம் என்றார்கள்.

ஐந்து டொலர் என்பது இன்றைய பெறுமதியில் பதின்மூன்று, பதினாலு டொலர் வரும். அப்படியொன்றும் தர்மச்சாலை விலை இல்லை. ஆனால் அவர்கள் பிரபலமாகி ஆயிரக்கணக்கில் ஆட்கள் வரத்தொடங்கிய பிறகும் அந்த விலையைக் கூடுமானவரை விடவில்லை. எப்படி முடிந்தது? செலவைக் குறைத்தார்கள். முகாமையாளர் இல்லை, நிகழ்ச்சிகளைத் தாங்களே ஒழுங்கு செய்தார்கள். ஆரம்ப காலத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் படுத்தார்கள். கிளப் ஒத்துவராத ஊரில் தேவாலய மண்டபம், சமூக மண்டபம் என்று பார் இல்லாத இடங்களைப் பிடித்தார்கள். கூட்டத்தில் அடுத்தவனை இடித்து அடாவடி செய்பவனை வெளியே அனுப்பும்போது அவனுடைய ஐந்து டொலரைத் திருப்பிக் கொடுப்பார்களாம். அதற்காகவே காசு போட்ட கடித உறைகள் தயாராக இருந்தனவாம். இஸ்லாம் சேருக்கு இந்த உறைக் கதை மிகவும் பிடித்துப்போனது. காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லப்போவதாகச் சொன்னார். குழுவின் பெயரைச் சொல்லாமல், என்று நாங்கள் எச்சரித்தோம்.

இதைக் கேட்டதும் எங்களுக்கு முதலில் வந்த எண்ணம், அப்படியென்றால் எல்லாக் கிளப்பும் இப்படியே மலிவாகச் செய்யலாமே என்பதுதான். கொப்பியை மறுபடி எடுத்துப் பார்த்தபோது அந்த எண்ணம் நிற்கவில்லை. ஃபுகாஸியின் ஐந்து டொலர் நிகழ்ச்சியின் செலவை ஐந்து டொலரே சுமந்தது. மச்சானின் கிளப்பில் பத்துப் பவுண் எதையும் சுமக்கவில்லை. ஒருவன் மூன்றாவது பியர் வாங்குகிறான். அதில் வரும் லாபத்தில், பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு நிற்பவன் பாட்டுக் கேட்கிறான். எங்கள் ஆட்கள் மாதிரிக் குடிக்காதவர்கள், பதினாறு வயதுப் பிள்ளைகள், இவர்கள்தான் அந்தக் கிளப்புக்கு அதிகம் நட்டம் தருகிற வாடிக்கையாளர்கள். மலிவு டிக்கட் என்று நாங்கள் நினைத்தது மலிவு இல்லை. விலையின் மிச்சப் பாதியை வேறொருவன், அதுவும் தன் ஈரலைக் கெடுத்துக்கொண்டு, கட்டிக்கொண்டிருந்தான்.

சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. சின்னக் கிளப்பின் டிக்கட் விலை போதாது என்பதுதான் எங்கள் மூவரின் முடிவு.

பெரிய அரங்குகளின் கதை இதற்கு நேர்மாறு. 2023இல் த கியூர் குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் சாதாரண ரசிகருக்காக 20 டொலரில் டிக்கட் வைத்தது. ஒரு ரசிகர் நாலு டிக்கட் எடுத்தார். டிக்கட் 80 டொலர், கட்டணங்கள் 92 டொலர் 10 சதம். அவர் வெளியிட்ட பற்றுச்சீட்டுப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. குழுத் தலைவர் ரொபர்ட் ஸ்மித் பகிரங்கமாகக் கோபப்பட்ட பிறகு, டிக்கட் விற்ற டிக்கட்மாஸ்டர் நிறுவனம் மலிவு டிக்கட் எடுத்தவர்களுக்குப் பத்து டொலர் திருப்பிக் கொடுத்தது.

இதைத் தரம் 10க்கு சதவீதக் கணக்காகக் கொடுத்தோம். கட்டணம் டிக்கட் விலையின் எத்தனை வீதம்? 115. முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழும்பி, "சேர், கேள்வி பிழை, கட்டணம் சாமானை விடக் கூடுமா?" என்றது. கேள்வி சரிதான் மகள், என்று சொல்ல வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் சின்ன இசை இடங்களுக்காக வேலை செய்யும் மியூசிக் வெனியூ ட்ரஸ்ட் என்ற அமைப்பின் அறிக்கையை மச்சான் அனுப்பினான். 2023இல் மட்டும் 125 இடங்கள் கைவிட்டுப் போயின. இருந்தவற்றின் சராசரி லாபம் அரை வீதம். 38 வீதமான இடங்கள் நட்டத்தில் இருந்தன. அந்த வருசம் டிசம்பரில் பாத் நகரத்தின் மோல்ஸ் கிளப் மூடப்பட்டது. 45 வருட இடம். ஓயாசிஸும் ரேடியோஹெட்டும் பெரிய ஆட்களாக முன்னர் பாடிய மேடை. முளைக்கிற இடத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மரமான பிறகு நிழலுக்கு 115 வீதம் கட்டணம்.

பெரிய அரங்கின் ஒவ்வொரு டிக்கட்டிலும் ஒரு பவுணைச் சின்ன இடங்களுக்குக் கொடுக்கலாம் என்று அங்கே பேசத் தொடங்கினார்கள். 2024இல் பாராளுமன்றக் குழு ஒன்று இப்படியொரு அறவீட்டைப் பரிந்துரைத்தது. என்டர் ஷிகாரி என்ற குழு சட்டத்துக்குக் காத்திருக்காமல் தானே செய்துவிட்டது. கோல்ட்ப்ளே தன்னுடைய 2025 இங்கிலாந்து நிகழ்ச்சி வருமானத்தில் பத்து வீதம் கொடுப்பதாக அறிவித்தது. நல்ல விசயம். ஆனால் அந்த ஒரு பவுண் மச்சானின் கிளப் வாசல்வரை எப்போது வந்துசேரும் என்பது வேறு.

மச்சான் ஒரு மௌலவியிடம் கேட்டானா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அது அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டான். இப்போது சனி இரவுகளில் ஒரு களஞ்சியத்தில் பொதி பிரிக்கிறான். சம்பளம் ஏறக்குறைய அதேதான், முதுகு மட்டும் வலிக்கிறதாம்.

ஆனால் மாதத்தில் ஒரு வெள்ளி இரவு டிக்கட் எடுத்துக்கொண்டு அதே கிளப்புக்குப் போகிறான். ஒன்றும் குடிக்காமல் நிற்பது இப்போது அவனுக்குக் கூச்சமாக இருக்கிறதாம். அதனால் வெளியேறும்போது குழுவினர் மேசை போட்டு விற்கும் டீசேர்ட் ஒன்றை வாங்குகிறான். அந்தக் காசாவது நேரே அவர்கள் கைக்குப் போகட்டும் என்று. அலுமாரியில் ஒன்பது கறுப்பு டீசேர்ட் சேர்ந்துவிட்டதாக அவன் மனைவி எங்கள் வீட்டுக்காரிகளிடம் முறையிட்டிருக்கிறார்.

அந்தக் கிளப் அண்மையில் பார் திறக்காமல் ஓர் இரவு நடத்திப் பார்த்தது. எல்லா வயதினருக்கும். பத்துப் பவுண் டிக்கட்டைப் பதினாறாக வைத்தார்கள். அறுபது பேர்தான் வந்தார்களாம். அதில் ஒருவன் மச்சான். கையில் தானே X போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து எங்கள் குழுமத்தில் போட்டு, கீழே எழுதியிருந்தான்: "பதினாறு குடுத்தன். இன்டைக்கி ஆர்ர காசிலயும் பாட்டுக் கேக்கல்ல. இது எப்புடி, இஸ்லாம் சேர்?"

போட்டு நாலு நாள். நீலச் சரி விழுந்திருக்கிறது. சேர் இன்னும் பதில் எழுதவில்லை.