நாமும் நாங்களும்: ஒரு பயண நூலின் தன்மைப் பன்மை

1953 ஜூலையில் நிக்கோலா பூவியே ஒரு ஃபியட் டோப்பொலினோவை ஓட்டிக்கொண்டு பெல்கிரேடு நகரை அடைந்தார். வயது 24. அங்கே அவருக்காகக் காத்திருந்தவர், ஜெனீவாவில் இளமை முதலே நண்பராயிருந்த ஓவியர் தியரி வெர்னே. இருவரும் அங்கிருந்து கிரேக்கம், துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாகக் காபூல் வரை அந்தச் சிற்றுந்தில் சென்றனர். டோப்பொலினோ என்றால் இத்தாலிய மொழியில் சுண்டெலி. பெயருக்கேற்ற பொறிதான், வெறும் 569 சி.சி.; ஏற்றங்களில் இறங்கித் தள்ளவும் வேண்டியிருந்தது. கைப்பணம் கரைந்தபோது ஒருவர் ஓவியம் விற்றார். மற்றவர் கட்டுரை எழுதினார், பிரெஞ்சு கற்பித்தார். குளிர்காலம் தப்ரீஸ் நகரில் கழிந்தது. ஈரானில் வண்டியின் கதவில் ஹாஃபிஸின் கவிதை வரிகளைத் தீட்டிவைத்துக்கொண்டனர். அந்நாட்டில் அதைவிட நல்ல அறிமுகக் கடிதம் இருந்திருக்க முடியாது.

இப்பயணத்திலிருந்து பிறந்த 'லுசாஜ் து மோந்த்' என்னும் நூலைப் போற்றுவோர் பெரும்பாலும் அதன் நிதானத்தைப் போற்றுகின்றனர். அது நியாயமே. எனினும் அந்நூலைத் தமிழாக்க அமரும் ஒருவர் முதல் பக்கங்களிலேயே வேறொரு சிக்கலில் மாட்டிக்கொள்வார். பிரெஞ்சு மொழியின் 'நூ' என்ற தன்மைப் பன்மை, கேட்பவரை உட்கொள்கிறதா விலக்குகிறதா என்று சொல்வதில்லை. இந்தியின் 'ஹம்' என்பதும் அப்படியே. தமிழும் தெலுங்கும் மராத்தியும் குஜராத்தியும் அவ்வாறு மௌனம் காக்க விடுவதில்லை. நாமா, நாங்களா என்று சொல்லியே ஆகவேண்டும்.

வாசகரை நோக்கிப் பேசும் நூலில் 'நாங்கள்' என்பதே இலக்கணம். ஆயினும் அந்த நூல் உண்மையில் யாரை நோக்கிப் பேசுகிறது என்ற கேள்வி குவெட்டாவில் எழுகிறது. குளிர்காலம் முழுவதும் பூவியே எழுதியிருந்த கையெழுத்துப்படியை அங்கே விடுதிப் பணியாளர் குப்பையென்று நினைத்து வாரிப் போட்டுவிட்டார். ஊர்க் குப்பைமேட்டைக் கிளறித் தேடியும் உருப்படியாக எதுவும் மீளவில்லை. (ஆய்வேட்டின் ஒரே படியைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு அந்தப் பக்கங்களை நிதானமாக வாசிப்பது கடினம்.) தப்ரீஸின் அந்த மாதங்களை மீண்டும் நினைவிலிருந்தே எழுதவேண்டியதாயிற்று. உலகில் அந்நினைவைச் சரிபார்க்கக்கூடியவர் ஒருவரே. அவரிடம் அதே கதையைச் சொன்னால் சொல் மாறிவிடும்: 'நாம் அங்கே தங்கினோம், நாம் பனியில் சிக்கினோம்'. அச்சிட்ட 'நூ'வுக்குள் இந்த 'நாம்' ஒளிந்திருக்கிறது. தமிழாக்கத்தில் அதற்கு இடம் இராது.

காபூலில் இருவரும் பிரிந்தனர். சண்டை ஏதும் இல்லை. வெர்னே இலங்கைக்குப் புறப்பட்டார். அவர் மணக்கவிருந்த ஓவியர் ஃப்ளோரிஸ்தெல்லா ஸ்தெஃபானி அங்கே வந்து சேர்வதாக ஏற்பாடு. பூவியே ஆப்கானிஸ்தானின் வடக்கே பிரெஞ்சுத் தொல்லியலாளர்களின் அகழாய்வுக் களத்தில் சிறிது காலம் இருந்துவிட்டு, டிசம்பர் 1954இல் கைபர் கணவாயை அடைகிறார். நூல் அங்கே முடிகிறது. அந்தக் கடைசிப் பகுதியில் 'நூ' மெலிந்து 'ழ' மேலெழுகிறது, அதாவது 'நான்'. எந்தப் பிரிவுரையும் இல்லாமல் ஓர் எண் மாற்றத்தால் மட்டுமே பிரிவு உணர்த்தப்படுவது இந்நூலின் மிக நேர்மையான இடம்.

பிறகு பூவியேவும் இலங்கை சென்றார். புதுமணத் தம்பதியர் ஐரோப்பா திரும்பினர். அவர் காலி நகரில் நோயோடும் தனிமையோடும் மாதக்கணக்கில் கிடந்தார். அங்கிருந்து ஜப்பான் போனார். நூல் வெளிவர 1963 ஆயிற்று. பூவியேவே செலவை ஏற்றார். வெர்னேயின் கோட்டோவியங்கள் நூலோடு இருந்தன.

இருவரும் 1945 முதல் 1964 வரை எழுதிக்கொண்ட கடிதங்கள் 2010இல் தொகுப்பாக வந்தன. மொழிபெயர்ப்பாளருக்கு உண்மையான சோதனை அங்கேதான். காபூலுக்கு முன்பு நண்பர்கள் தங்கள் இருவரையும் சேர்த்துச் சொல்லும் 'நூ', தமிழில் 'நாம்'. திருமணத்துக்குப் பிறகு வெர்னே தம்மையும் மனைவியையும் குறித்து அதே 'நூ'வை எழுதும்போது, அது 'நாங்கள்' ஆகிவிடும். பிரெஞ்சில் ஒரே சொல். வாசிக்கும் நண்பர் அதற்குள் இருக்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்பதைப் பிரெஞ்சு அவரிடம் சொல்லாமல் விட்டது.